வளைகுடா கோட்டாவில் ஒரு இடம்

"உங்க வீட்டுக்காரர் சீக்கிரம் ஊருக்கே திரும்பிடற மாதிரி இருக்கா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அந்த அம்மாள் கேட்டார்.

"இந்த வருஷமே வந்துடுவாரு மேடம்" என்றேன். வாயெல்லாம் பல்லாகத்தான் சொல்லியிருப்பேன்.

"அப்படியா" என்றவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப இது ஒத்து வராதே."

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், கல்லூரி அட்மிஷனுக்கு ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றை அவர் நடத்திவந்தார். புதுப்பட்டினத்திலிருந்து நானும் என் மகளும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தோம். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, படித்தால் ஆர்க்கிடெக்சர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். வழியில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்கிற பெண் அவள். ஜன்னலைத் தப்பான பக்கம் வைத்துவிட்டார்கள் என்பாள், படிக்கட்டு குறுகல் என்பாள். எங்கள் வீட்டையும் விட்டுவைத்ததில்லை. அவளுடைய அப்பா மஸ்கட்டில் இருந்துகொண்டே வீடியோ காலில் மேஸ்திரிக்குச் சொல்லிச் சொல்லிக் கட்டிய வீடு அது. "கடக்காத்து எந்தப் பக்கம் வருதுன்னுகூடக் கேக்காம கட்டியிருக்காரும்மா அப்பா" என்பாள். அவர் காதில் விழாதபடிதான் சொல்வாள்.

விஷயம் இதுதான். பொது கோட்டாவில் விண்ணப்பித்தால் அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு ஆர்க்கிடெக்சர் கிடைக்காது. மதுராந்தகம் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் கிடைக்கும், தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிவைத்திருக்கும் இடங்களில் போட்டால், சென்னையில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே ஆர்க்கிடெக்சர் கிடைக்கும், விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். அந்த இடங்களிலும் ஒன்றா இரண்டா, நாலைந்து வகை வைத்திருக்கிறார்கள் மகராசர்கள்.

"வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கற பிள்ளைங்களுக்கு ஒண்ணு" என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டு போனார். "அப்பா அம்மா எந்த நாட்டுல இருந்தாலும் சரின்னு என்.ஆர்.ஐ. கோட்டா ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க பொறுப்பேத்துக்கிட்டா அதுக்கு ஒண்ணு. வளைகுடா நாட்டுல வேலை பாக்கறவங்க பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒண்ணு. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. அப்பா துபாய்ல இருக்காரு, அப்ப என்.ஆர்.ஐ.தானேன்னு போட்டுடறாங்க. ஃபீஸைப் பார்த்ததும் தலையில கை வச்சிக்கறாங்க. ஒருதடவை போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது மேடம்."

"எங்க நாத்தனார் வூட்டுக்காரரு சிங்கப்பூர்ல கீறாரு. அவரு பொறுப்பேத்துக்குவாரு" என்று நான் நடுவில் புகுந்தேன். சும்மா இருக்கமுடியாது எனக்கு.

"நாத்தனார் வீட்டுக்காரர் ரத்த சொந்தம் கிடையாது மேடம். அவர் பேரைப் போட்டா மனு அப்படியே திரும்பி வந்துடும்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

எங்களுக்குச் சரியானது வளைகுடா கோட்டாதான் என்று முடிவு செய்தபிறகுதான், வீட்டுக்காரர் ஊருக்கே திரும்பிவிடுவாரா என்ற அந்தக் கேள்வியை அவர் கேட்டார். சேரும்போது மட்டுமல்ல, ஐந்து வருடமும் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் அப்பா அங்கே வேலையில் இருக்கிறார் என்று கம்பெனியின் கடிதம் வேண்டுமாம் அந்தக் கல்லூரிக்கு. நடுவில் அவர் வேலையை விட்டு வந்துவிட்டால் இடத்துக்கே ஆபத்து. விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருவதை எங்கள் பக்கத்தில் கேன்சல்ல வருவது என்போம். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டுல எதுன்னு வீட்டுல பேசிட்டு திங்கட்கிழமை வாங்க" என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வீட்டைப் பற்றியும் அவள் எதுவும் சொல்லவில்லை.

என் கணவர் மஸ்கட்டுக்குப் போனது கல்யாணமாகி மூன்றாம் மாதம். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்ப் ஆப்பரேட்டர். எங்களையும் அழைத்துப்போய் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய உத்தியோகம் இல்லை. நாத்தனாருக்குக் கல்யாணம் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு மனை வாங்கியதும் என்றார், வீடு முடிந்ததும் என்றார், பாப்பா ப்ளஸ் டூ முடித்ததும் என்றார். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நான் ஒன்றையும் மறுத்துப் பேசியதில்லை. இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

தனியாக இருப்பது என்றால் அழுதுகொண்டு இருப்பது என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் முதல் இரண்டு வருடத்தோடு சரி. அதற்குப் பிறகு அது வேறு மாதிரி ஆகிவிடும். சமைக்கும்போது போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்துவைப்பேன். அந்த டப்பாவில் சாய்ந்துகொண்டேதான் அவர் என்னோடு குடும்பம் நடத்தினார். கையை நீட்டி உப்பை எடுக்கும்போது அவர் முகத்தின் குறுக்கே என் கை போகும். கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம், பல்வலி எல்லாம் நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் நானே எழுந்து எனக்குக் கஞ்சி வைத்துக்கொள்வேன். அது பெரிய கஷ்டம் என்று சொல்லமாட்டேன். குடித்துவிட்டுப் பாத்திரத்தை வைத்தால், "குடிச்சியா?" என்று கேட்க ஆள் இல்லை, அதுதான்.

ஒருமுறை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்து வாசலில் ஒருவர் தன் மனைவியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டாளாம். "உனக்கு மூளை கீதா இல்லியா?" என்று அவர் கேட்க, "உன்னக் கட்டிகினப்பவே அது போச்சு" என்று அவள் சொல்ல, சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் போட்டிருந்த நகையைப் பார்த்து வரவில்லை அந்தப் பொறாமை. நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

லீவில் சண்டைக்கு ஏது நேரம்? இரண்டு வருடத்துக்கு ஒருதடவை வருகிறவரிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்? வளைகுடா வீடுகளில் இது ஒரு வழக்கம். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே சுவருக்கு வெள்ளை, மெத்தைக்குப் புது உறை. வந்ததும் காலை நாஸ்தாவுக்கே ஆட்டுக்கால் பாயா, மதியம் வஞ்சிரம். டிவி ரிமோட் அவர் கையில். மகள் கணக்கில் மார்க் குறைந்ததை அவர் திரும்பிப் போனபிறகுதான் எனக்கே சொல்வாள். குழாய் ஒழுகுவதையும் மாடியில் விரிசல் விட்டதையும் பற்றி மூச்சு விடமாட்டோம். உழைத்து ஓடாகி வருகிற மனிதர், நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து வந்த மறுநாள் மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "மதுராந்தகமே போடும்மா. சிவில் படிச்சாலும் வீடுதான கட்டப்போறேன்."

"நல்லா யோசிச்சியாடி?"

"அப்பா வரட்டும்மா. நீ எத்தினி வருஷமா காத்துக்கினு கீற."

சொல்லிவிட்டு அவள் மடித்த துணியையே திரும்பவும் பிரித்து மடித்தாள். அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தாய் என்பவள் வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கவேண்டும்? எனக்கு வாய் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கணவரும் வீட்டில், மகளும் வீட்டில், சாயங்காலம் மூன்று தட்டு. அந்த நினைப்பு முகத்தில் தெரிந்துவிடக்கூடாதே என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அன்று மாலையே மீன் கொண்டுவரும் பெண்ணிடம் பேச்சு கொடுத்தேன். அவளுடைய தம்பி நெம்மேலியில் கடல்நீர் ஆலையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். "ஆளு எடுக்கறாங்கக்கா. பம்ப் ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்கன்னா உடனே எடுத்துக்கறாங்களாம்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே செய்கிற அதே வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. இதற்காகவா இத்தனை வருடம் அந்த மனிதர் அவ்வளவு தூரம் போய்க் கிடந்தார் என்று இருந்தது.

"அண்ணன் வந்துடுதாக்கா?" என்று கேட்டாள்.

"வந்துடுதும்மா" என்றேன். அவளைப் போலவே பேசிவிட்டேன் என்று இரண்டு பேரும் சிரித்தோம். அவள் ஒரு கை சங்கரா மீன் அதிகம் போட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மத்தியானம் அவரே கூப்பிட்டார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அறையில் கூட இருப்பவர்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். நான் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் வளைகுடா கோட்டா, கடைசியில் மதுராந்தகம். நல்ல சேதியைக் கடைசியில் வைத்துச் சொல்வது என் பழக்கம். ஆனால் அவர் கோட்டா என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

"அப்பறம் இன்னா, அதையே போடு. பாப்பா ஆசப்பட்டதாச்சே. லெட்டர் நான் நாளைக்கே வாங்கி அனுப்பறேன்."

"முழுசா கேளுங்க. அதப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு நீங்க வர முடியாது."

"லீவுக்கு வருவேனே."

"லீவ யாரு கேட்டா? கேன்சல்ல வர முடியாதுங்கறேன். அதுக்காவத்தான் பாப்பாவே மதுராந்தகம் போறேங்குது. நெம்மேலில ஆளு எடுக்கறாங்க, உங்க வேலையேதான். எல்லாம் விசாரிச்சிகினுதான் பேசறேன்."

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னாங்க, கேக்குதா?"

"கேக்குது" என்றவர், "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?" என்றார்.

"கோச்சிக்கிற மாதிரி சொன்னா கோச்சிப்பேன்."

"எனக்கு அங்க வந்து இருக்க பயமா கீது."

எனக்குப் புரியவில்லை. கடன்காரன் யாராவது தொந்தரவு செய்கிறானா, உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று தலையாட்டினார். பிறகு மெதுவாக, கீழே பார்த்துக்கொண்டே பேசினார். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் வந்தா நீயும் பாப்பாவும் கொரலையே மாத்திக்கினு பேசறீங்க. எது ஒடஞ்சாலும் என்கிட்ட சொல்றதில்ல. நானா எழுந்து ஒரு கிளாஸ் தண்ணி மொண்டா ரெண்டு பேரும் ஓடியாறீங்க. எங்க உக்காரணும், எப்ப எழுந்துக்கணும்னே எனக்குத் தெரியமாட்டேங்குது. லீவு முடியப்போவுதுன்னா மனசு லேசாயிடும். ரொம்ப வருஷமாவே அப்டித்தான். உன்கிட்ட எப்டி சொல்றது?"

"உங்கள ராஜா மாதிரி வச்சிகினது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. நீங்க நல்லாத்தான் வச்சிகினீங்க. இங்க ரூம்ல நாலு பேரு கீறோம். செவ்வாக்கெழம என் சமையல். நான் ஆக்கலன்னா மூணு பேருக்குச் சோறு இல்ல. கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா கத்துவானுங்க, தட்டத் தள்ளிட்டு எழுந்து போவானுங்க. அங்க என்ன யாரு கத்தப்போறீங்க?"

அவர் கையால் ஆக்கிய சோற்றை ஒருவாய்கூட நான் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படிப் பக்கமே நான் அவரை விட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தறதுக்கு ஆளு வோணும்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இத்தினி வருஷமா தொண்டைக்குள்ளயே வச்சிகினு கீறேன். கத்தணும்னா இன்னா கொறச்சலா கீது எனக்கு? உங்க தங்கச்சி கல்யாணத்துக்குக் கத்தணும், மனைக்குக் கத்தணும், காத்து வராத இந்த வூட்டுக்குக் கத்தணும். வாங்க. வந்து தெனமும் சண்ட போடலாம். ஆறே மாசத்துல பழகிடும்."

அவர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு வாழ்க்கைக்காக அந்த நிமிடம் நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"என்னால ஆவாதும்மா" என்றார். "இந்த வயசுல வந்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால ஆவாது. பாப்பா நல்லா படிக்கட்டும். நான் லெட்டர் அனுப்பறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு பேர் இருக்கும் அறைக்கு யாரோ வந்துவிட்டார்கள். கதவுச் சத்தம் கேட்டது. அவர் உடனே சாதாரணக் குரலில் "அப்பறம் பேசறேன்" என்றார். அந்தக் குரல் மாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன், நாத்தனாரைக் கூட்டிவைத்து நியாயம் கேட்டிருப்பேன், ஊரே எனக்காக உச்சுக்கொட்டியிருக்கும். இதற்கு யாரைப் பிடித்துத் திட்டுவது? செவ்வாய்க்கிழமைச் சமையலையா? அவர் பொய் சொல்லவில்லை, குடிக்கவில்லை, மாதம் தவறாமல் அனுப்பினார், என்மேல் அவருக்குப் பிரியம் இல்லாமலும் இல்லை. என்னோடு இருக்கமட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொன்னாலும், "இதெல்லாம் ஒரு கொறையாக்கா?" என்றுதான் கேட்பார்கள். சனிக்கிழமை முழுதும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வீடு கூட்டினேன், துவைத்தேன், மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். "அப்பாவ கம்பெனில விடமாட்டேங்கறாங்களாம். இன்னும் ரொம்ப நாளு அங்கதான். நீ ஏன் மதுராந்தகம் போவணும்? ஆர்க்கிடெக்சரே போட்டுடலாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்பாவே சொன்னாராம்மா?"

"ஆமாண்டி. அவருக்கும் கஷ்டமாத்தான் கீது."

"நீ தனியா இருப்பியேம்மா. நானும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா?"

"எனக்கு இன்னாடி, பழகினதுதான்" என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தியபிறகு தோழிக்குப் போன் செய்து மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. சந்தோஷத்தை அம்மா பார்த்துவிடக்கூடாது என்று அவள் பாடுபட்டாள். நானும் முந்தின நாட்களில் அதே பாடுதான் பட்டேன், அதனால் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாக இருக்கட்டும், பெற்ற பெண்.

திங்கட்கிழமை செங்கல்பட்டில் அந்த மாடியில் கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகனும் எந்தக் கோட்டா என்பதில் அங்கேயே சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். எங்கள் முறை வந்ததும் மகளின் சான்றிதழ்களையும், மஸ்கட்டிலிருந்து வந்திருந்த கம்பெனி கடிதத்தின் பிரிண்ட்டையும், விசா நகலையும் மேசைமேல் வைத்தேன். சொன்னபடி மறுநாளே அனுப்பிவிட்டார் மனிதர். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வளைகுடா கோட்டாவே போட்டுடலாமா மேடம்? இந்த வருஷம் வந்துடுவாருன்னு சொன்னீங்களே."

"போட்டுடுங்க."

"இல்ல, நான் முன்னாடியே கேட்டுக்கறேன். இத அழுத்திட்டா அப்புறம் மாத்த முடியாது. அஞ்சு வருஷமும் அவர் அங்க வேலையில இருந்தாகணும். நடுவுல அவருக்கு உங்க ஞாபகம் வந்து கேன்சல் பண்ணிட்டு வந்து நின்னார்னா பொண்ணு படிப்பு மாட்டிக்கும். அப்படி வந்துட மாட்டாரே?"

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"மாட்டாரு மேடம்" என்றேன். "தைரியமா போடுங்க."